சித்திரக்கதையும் திறனாய்வும்

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவனிடம் கட்டுரை கேட்போர், கம்பன் கவிநயமோ வள்ளுவர் கண்ட அரசியலோ வந்து சேருமென எதிர்பார்த்தல் இயல்பு. அவ்வெதிர்பார்ப்பை யான் இம்முறை நிறைவேற்றவில்லை. யான் எடுத்துக்கொண்ட பொருள், மாணவர் மேசைக்கு அடியில் மறைத்து வைத்துப் படிக்கும் சித்திரக்கதை இதழ்களாகும். கொமிக்ஸ் என வழங்குவனவும் இவையே. முகமூடி அணிந்த வீரரும், கண்ணுக்குப் புலனாகாத மாயாவியரும், குதிரைமேல் வரும் துப்பாக்கி வீரரும் இவற்றின் தலைவர்கள். இவ்விதழ்களை ஆசிரியர் பழிப்பதுண்டு, பெற்றோர் பறிப்பதுண்டு, மாணவர் விழுங்குவதுண்டு. நூலெனக் கொண்டு, குணமும் குற்றமும் ஆராய்ந்து, மதிப்புரை எழுதுவார் மாத்திரம் நம்மிடையே அரியர். அம்மதிப்புரை பாடசாலைக்கு இன்றியமையாதது என்பதே யான் ஈண்டு நிலைநாட்டக் கருதுவது.

இக்கருத்துக்கு யான் வந்தது என் பிழையொன்றின் வாயிலாக. சில ஆண்டுகளுக்கு முன், தெரணியகலையில் மழை ஓயாது பெய்துகொண்டிருந்த ஆடி மாதத்து நாளொன்றில், எட்டாந் தரத்திற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன். தாய் தந்தையர் இருவரும் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுவோர். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், பந்தியொன்றை முடிக்குமுன் பலமுறை இடறுவான், வகுப்புச் சிரிக்கும், அமர்ந்துவிடுவான். அன்று அவன் தலை குனிந்தபடி எதிலோ மூழ்கியிருந்தான். அருகிற் சென்று பார்த்தேன். அட்டை கிழிந்த பழைய ராணி காமிக்ஸ் இதழொன்று, வேதாளன் கதை. பறித்தேன், நாலு வார்த்தை கடிந்தேன், அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

அவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் அவன் தாய் வந்தார். “அந்தப் பொஸ்தகத்தக் குடுத்துருங்க சேர். எரவல் வாங்குனது. குடுத்தவங்க லயத்துக்கு வந்து கேக்குறாங்க” என்றார். ஒரு நாட் சம்பளத்தை விட்டு அவர் அதற்காக வந்திருந்தார். மறுநாள் மகன் வரட்டும், அவனிடமே தருகின்றேன் என்று கூறி அனுப்பினேன். அன்றிரவு அவ்விதழை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். பறிக்குமுன் செய்திருக்க வேண்டிய காரியம் அது.

மறுநாள் அவனை அழைத்து, அவ்விதழையே உரக்க வாசிக்கச் சொன்னேன். இடறவேயில்லை என்று கூறமாட்டேன். இடறிய இடத்திற் படத்தைப் பார்த்து எழுந்துகொண்டான். இதழைத் திருப்பித் தந்து, “இதில் நல்லது யாது, நல்லதல்லாதது யாது என்று பத்து வரி எழுதி வா” என்றேன். ஆறு வரி எழுதி வந்தான். ஐந்து வரி கதைச் சுருக்கம். ஆறாவது வரி ஒரு கேள்வி: குரன் என்ற தலைவனைத் தவிர அந்தக் காட்டுச் சனத்தில் யாருக்கும் பெயர் இல்லையே, எல்லோரும் ஏன் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறார்கள்?

அக்கேள்வி என்னை நாணச் செய்தது. சிறுவயதில் யானும் அக்கதைகளை விரும்பிப் படித்தவன். எனக்கு அது தோன்றவில்லை.

வேதாளன் கதையை அமெரிக்கரான லீ போக் 1936ஆம் ஆண்டிற் படைத்தார். நானூறு ஆண்டுகளாகத் தந்தைக்குப் பின் மகனாக ஒரே முகமூடியை அணிந்து வரும் வெள்ளையர் குலத்தில் இருபத்தொராவது வீரன் அவன். மண்டையோட்டு அரியணையில் அவன் வீற்றிருக்க, காட்டு மக்கள் அவனைச் சாவற்றவனென நம்பி அஞ்சியும் வணங்கியும் வாழ்கின்றனர். தொடக்கத்தில் ஆசியப் பாங்கிலிருந்த அக்காடு பின்னாளில் ஆபிரிக்காவுக்குப் பெயர்ந்தது. 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் இந்தியாவில் அக்கதைகளை வெளியிடத் தொடங்கியபோது, பங்கல்லா என்னும் நாட்டுப் பெயர் வங்காளத்தை நினைவூட்டுமென அஞ்சி டெங்காலி என மாற்றினர். நாட்டின் பெயரை மாற்றியவர்கள் கும்பிடும் கைகளை மாற்றவில்லை. தோட்டத்திற் பிறந்த பிள்ளைக்குத் ‘துரை’ என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். அவர் இருந்த நாற்காலியின் நிழல் நம் சிறுவர் படிக்கும் கதையில் இன்னும் வீழ்ந்து கிடப்பதை அம்மாணவன் கண்டுகொண்டான். எழுதச் சொன்னதனாலேயே கண்டான். பறித்துப் பூட்டியிருந்தால் அக்கதையும் அலுமாரியிற் கிடந்திருக்கும். அக்கேள்வியும் அவன் நெஞ்சிற் பிறவாது போயிருக்கும்.

சித்திரக்கதை நமக்குப் புதுவதன்று. அம்புலிமாமா 1947இல் தோன்றிப் படமும் கதையும் ஒருங்கே நல்கியது. தினத்தந்தியிற் கன்னித்தீவு 1960இல் தொடங்கியது. அமர் சித்திரக் கதை 1967இல் வந்தது. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யை முதலிதழாகக் கொண்டு பிறந்தது. 1984இல் லயன், ராணி ஆகிய இரண்டும் வெளிவந்தன. ராணி 2005இல் நின்றது. முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன. நம் நாட்டில், ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித் தம்பரை மறந்த மூத்தோர் இலர். லங்காதீபவில் 1951இல் ஜீ. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’வுக்குப் பின் சிங்களச் சித்திரக்கதை வளர்ந்து, 1970-களில் அதற்கெனவே வார இதழ்கள் பெருகின. அத்தகைய பெருக்கம் ஈழத்துத் தமிழில் நிகழவில்லை. எனவே நம் பிள்ளைகள் கடல் கடந்து வந்த கதையையே, அதுவும் பிறிதொரு மொழியிலிருந்து பெயர்த்ததையே, படித்து வந்தனர். படிப்பது பிறர் படைப்பாகும்போது மதிப்பீடு இரட்டிப்பாக வேண்டப்படும்.

அமெரிக்க நாடு இவ்விடயத்தில் ஒருமுறை வழுக்கி வீழ்ந்தது. 1954இல் பிரெட்ரிக் வெர்தம் என்னும் உளமருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என நூலெழுதினார். செனற் சபைக் குழுவொன்று விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பகத்தார் அவ்வாண்டிலேயே தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். பல இதழ்கள் மறைந்தன. அவ்விதிகளின் முத்திரையைப் பெரும் பதிப்பகங்கள் முற்றாகக் கைவிட 2011ஆம் ஆண்டாயிற்று. வெர்தமின் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்த கரோல் டில்லி என்னும் பேராசிரியை, அவர் தம் முடிவுக்கேற்பச் சான்றுகளைத் திரித்தும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார். வெர்தமின் கவலை முழுவதும் பொய் என்று யான் கூறேன். படித்து மதிப்பிட வேண்டியதை வழக்காடித் தண்டித்தமையே அவர் பிழை. அலுமாரியைப் பூட்டிய யானும் அப்பிழையையே சிறிய அளவிற் செய்தேன்.

இனி, மதிப்புரை எங்ஙனம் அமைதல் வேண்டும்? எந்தப் புதிய இதழ் கைக்கு வந்தாலும் நான்கு வினாக்களை எழுப்புமாறு என் மாணவருக்குக் கூறி வருகின்றேன்.

முதலாவது மொழி. பேச்சுக் குமிழியின் அளவு மூல மொழிக்கென வகுக்கப்பட்டது. தமிழ்ச் சொல் நீளமானது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் சுருக்கியே ஆகவேண்டும். அச்சுருக்கத்தில் தமிழ் செறிகின்றதா, சிதைகின்றதா? ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் தலைப்பை நோக்குக. ஆங்கிலத்தில் அது வெறும் உருக்கு நகம். தமிழாக்கியவர் இரு தமிழ்ச் சொற்றொடரில் அவன் கையையும் மறைவையும் ஒருங்கே வைத்துவிட்டார். அத்தலைப்பு அரை நூற்றாண்டு கடந்தும் மக்கள் நாவில் வாழ்கின்றது. அதே மரபில், “ஆ”, “ஐயோ”, “அயோக்கியனே” என்னும் மூன்று சொல்லாற் பக்கத்தை நிரப்பிய இதழ்களும் உள. முன்னதைப் பாராட்டவும் பின்னதைக் கண்டிக்கவும் மாணவன் அறியவேண்டும். கொமிக்ஸ் படித்தால் தமிழ் கெடும் என்போருக்கு என் விடை இதுவே: கெட்ட தமிழைக் கெட்ட தமிழ் என்று சுட்டிக் காட்டும் பயிற்சிக்கு இதனினும் எளிய பாடநூல் இல்லை.

இரண்டாவது படம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே ஒரு வெள்ளை இடைவெளி உண்டு. முதற் கட்டத்தில் ஓங்கிய கை. அடுத்ததில் வீழ்ந்து கிடக்கும் மனிதன். அடித்ததை ஓவியர் வரையவில்லை. படிப்பவன் தன் மனத்தில் வரைந்துகொள்கின்றான். ஸ்கொட் மக்கிளவுட் என்பார் 1993இல் வெளியிட்ட நூலிற் சித்திரக்கதையின் உயிர் அவ்விடைவெளியில் இருப்பதாக விளக்கினார். நம் வினாத்தாளில் ‘கிரகித்தல்’ என்று நாம் சோதிப்பதும் சொல்லாததை உய்த்துணரும் இத்திறனையே அன்றோ? இரும்புக்கை மாயாவியை வரைந்த ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கட்டங்களில் ஒற்றைக் கை மாத்திரம் அந்தரத்தில் நகரும். உடலை நாமே நிரப்புகின்றோம். நல்ல ஓவியம் வாசகனுக்கு வேலை கொடுக்கும். தீய ஓவியம் சொல்லியதையே மீண்டும் வரைந்து காட்டும்.

மூன்றாவது ஆற்றல். வீரனுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதற்கு அவன் கொடுத்த விலை யாது? 1938இல் ஜெரி சீகலும் ஜோ சுஸ்டரும் படைத்த சுப்பர்மான் பிறவியிலேயே வலியன். 1962இல் இங்கிலாந்தில் கென் புல்மர் எழுதத் தொடங்கிய மாயாவியோ ஆய்வுகூட ஊழியன்; கையை இழந்தவன்; உருக்குக் கை பூண்டவன்; மின் தாக்கிய பின்னரே மறையும் ஆற்றல் பெற்றவன். இறப்பர்த் தொழிற்சாலையின் உருளைகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தொழிலிடத்திற் கை இழப்பதென்றால் என்னவென்று தெரியும். அம்மாயாவி தொடக்கத்திற் குற்றவாளியாகின்றான்; பின்னரே நல்வழிப்படுகின்றான். சுப்பர்மானைப் படைத்த அதே சீகல், 1960-களில் இங்கிலாந்து இதழுக்கு ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளை எழுதினார். லயன் வாயிலாகத் தமிழுக்கு வந்த அவனும் திருந்தியவனே. ஆற்றல் வந்தவுடன் அறம் வந்துவிடுவதில்லை என்பதை இக்கதைகள் காட்டுகின்றன. ஆயினும் எத்தனை கதைகளில் வலிமையே நியாயமாகிவிடுகின்றது என்பதையும் மாணவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, பிறர். எதிரி எவ்வாறு வரையப்படுகின்றான்? பெண் எங்கே நிற்கின்றாள்? ஏழைக்குப் பெயர் உண்டா? என் மாணவன் கேட்ட வினா இதுவே. இத்தாலியில் 1948இற் பிறந்த டெக்ஸ் வில்லரின் சாகசங்கள் இன்றும் புதிது புதிதாகத் தமிழில் வருகின்றன. அவனும் வெள்ளையன், நவஹோ மக்களின் தலைவனாக வீற்றிருப்பவன். வேதாளனுக்குரிய குறை இங்கும் ஓரளவு உண்டு. எனினும் அம்மக்களை ஏமாற்றும் வணிகரையும் படையதிகாரிகளையும் அவர் பக்கம் நின்று எதிர்க்கின்றான். அவர்களுள் டைகர் ஜாக் பெயரும் உரையும் உடைய தோழனாக உடன் வருகின்றான். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மாணவன், பிற்காலத்தில் வரலாற்று நூலையும் செய்தித்தாளையும் அவ்வாறே ஒப்பிடுவான். பெண்களைப் பற்றிக் கூறுங்கால், லயனின் முதல் இதழுக்கே தலைவி ஒரு பெண், மொடஸ்டி பிளைசி. போரில் ஏதிலியான அநாதைச் சிறுமி தன் மதியால் உயர்ந்த வரலாறு அது. ஆனாற் சில கட்டங்கள் முதியோருக்கென வரையப்பட்டவை. கீழ்வகுப்புக்கு உரியன அல்ல. அதனையும் மதிப்புரையில் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். எல்லா இதழும் எல்லா வயதினர்க்கும் ஆகும் என்பது என் கட்சியன்று.

வெளிநாட்டு வீரனுக்கு நம் உடையை உடுத்திவிட்டால் அவன் நம்மவனாகிவிடுவானா? 2004இல் இந்தியாவில் ஸ்பைடர்மான் கதையொன்று வெளிவந்தது. கிராமத்துச் சிறுவன் பவித்ர பிரபாகர் புலமைப்பரிசில் பெற்று மும்பாய்ப் பாடசாலைக்கு வருகின்றான். வேட்டி உடுத்தமைக்காக எள்ளப்படுகின்றான். முனிவரொருவர் ஆற்றலை அருள, வேட்டியுடனேயே வீரனாகின்றான். வேட்டிக்கு எள்ளப்படும் அப்பகுதி உண்மையானது. தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் படிக்கச் சென்ற நம் பழைய மாணவர் பலருக்கு அது சொந்த அநுபவம். பிற்பகுதியோ அமெரிக்கக் கதை சென்ற தடத்திலேயே அடிமாறாது செல்கின்றது. பாதி வெற்றி என்பதே என் மதிப்பு.

நம் மண்ணையே களமாகக் கொண்ட படைப்பும் உண்டு. வன்னியில் ஐக்கிய நாடுகள் பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்சி பொலொக் வரைந்த ‘வன்னி’ என்னும் ஆங்கிலச் சித்திரநூல் 2019இல் வெளியாயிற்று. அதில் முகமூடியும் இல்லை, மாய ஆற்றலும் இல்லை. போரிடையே அகப்பட்ட ஒரு குடும்பம் மாத்திரம் உண்டு. உயர்தர மாணவர் அதனைப் படித்தபின் மீண்டும் ஒரு முகமூடி வீரன் கதையை எடுப்பாராயின், வீழும் கட்டடங்களுள் இருந்தவர் யாவர் என்று கேளாமல் இருக்கமாட்டார்.

வேடம் பூண்ட வீரன் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்நியனல்லன் என்பதையும் மறத்தலாகாது. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் நம் மலையகத்துச் செல்வங்கள். பகலெல்லாம் பால்வாளி சுமந்த தொழிலாளி, இரவில் அரிதாரம் பூசி அருச்சுனனாகித் தபசு மரம் ஏறுகின்றான். விடிந்தபின் மீண்டும் பிரட்டுக்குச் செல்கின்றான். பகலில் ஒருவன், இரவில் மற்றொருவன் என்னும் மரபை நாம் நியூயோர்க்கிலிருந்து இரவல் பெறவில்லை. இதை நம் மாணவர் ஒருவர் கட்டம் கட்டமாக வரைந்து தருவாராயின், அதற்கு மதிப்புரை எழுதும் பேற்றை எனக்குத் தருமாறு இப்பொழுதே வேண்டுகின்றேன்.

செயற்படுத்தத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்பேன். சுவர்ப் பத்திரிகையில் மாதம் ஒருமுறை சித்திரக்கதை மதிப்புரைக்கென இடம் ஒதுக்குதல். மாணவர் மதிப்புரையைப் பார்த்து, ஆசிரியர் தெரிந்தெடுக்கும் இதழ்களுக்கு நூலகத்தில் ஓர் இறாக்கை அமைத்தல். சிறந்த மதிப்புரையை ஆண்டு மலரில் அச்சிடுதல். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பழைய மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் முத்துவும் லயனும் ராணியும் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். பழைய கடதாசிக் கடைக்கு நிறுத்துப் போடுமுன் நம் நூலகத்தை நினையுங்கள்.

அம்மாணவன் பேரெழுத்தாளனாகிவிட்டான் என்று கூறி முடிக்க எனக்கும் ஆசைதான். அங்ஙனம் நிகழவில்லை. சாதாரண தரத்தில் தமிழிற் சித்தியெய்தினான். இப்போது கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்கின்றான். தீபாவளிக்கு ஊர் வரும்போது புதிய இதழொன்றை எனக்குக் கொண்டுவருவான். தந்துவிட்டு, “கதை பரவாயில்ல சேர், ஆனா படத்துல ஒரு கொறை இருக்கு” என்று தொடங்குவான். யான் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு கேட்பேன்.

நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் நூலகத்தின் கதவுகள் மேலும் திறக்க.